ஆய்வாளர் பற்றி

முதல் இயலுக்கு முன்னால்
ஒரு பக்கம் காலியாக விடச் சொன்னார் ஹேமாவதி மேடம்.
'நீ யார், எங்கே நின்று பார்க்கிறாய்,
அதை எழுதிவிட்டு மற்றவர்களை எழுது.'
மற்றவர்கள் இருநூற்றுப் பதினோரு பக்கம் ஆகிவிட்டார்கள்.
அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

குப்பத்தில் எங்கள் துறைக்குப் பெயர் நீளம்.
மொழியியல், மானுடவியல், வரலாறு
ஒருங்கிணைந்த பண்பாட்டு ஆய்வு மையம்.
எழுத வந்த பெயின்டர் பலகை போதாமல்
'மையம்' என்பதை மட்டும்
சுவரில் சிறிதாக எழுதிவிட்டுப் போனார்.
மூன்று துறைக்கும் ஒரே மின்விசிறி.
அதற்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி விஷயத்தில் மட்டும்
யாரும் ஒருங்கிணைவதில்லை.

வியாழக்கிழமை கோட்பாட்டு வகுப்பு.
அடையாளம் என்பது இருப்பதல்ல,
ஆகிக்கொண்டே இருப்பது, என்றார் மேடம்.
எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.
வெள்ளிக்கிழமை எம்.ஆர்.ஓ. ஆபீஸில்,
இது எட்டாவது முறை,
ஆகிக்கொண்டே இருக்கிறேன் என்றா சொல்வது?
'உங்கப்பனும் இதே சாதிதானா? ஆதாரம்?'

அப்பா பிறந்தது வேப்பனப்பள்ளிப் பக்கம்.
அங்கே வாங்கிய சான்றிதழில் சென்றாயன்.
இங்கே ரேஷன் கார்டில், தெலுங்கில், செந்த்ராயன்.
'அவர் வேற, இவர் வேற' என்கிறார் கிளார்க்.
தமிழில் னகரமும் றகரமும் ஒட்டி நின்றால்
நடுவில் எழுதாத ஒரு டகரம் முளைக்கும்;
எல்லை தாண்டும்போது அது தகரமாகிவிடும்.
வேறு ஒன்றுமில்லை சார், ஒரே ஆள்தான், ஒரே நாக்குதான் என்றேன்.
அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.
இதையே ஒரு கருத்தரங்கில் கட்டுரையாக வாசித்தேன்.
கைதட்டினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள்.
அதையும் கொண்டுபோய்க் காட்டினேன்.
அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது.

களப்பணி வி.கோட்டா தக்காளி மண்டியில்.
கேள்வி பதினான்கு:
எந்த மொழி பேசும்போது நீங்கள் நீங்களாக உணர்கிறீர்கள்?
கிரேடு இறக்கிக்கொண்டிருந்த பாப்பக்கா
முந்தானையால் கழுத்தைத் துடைத்து,
நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்து,
'தூங்கசொல்லோ' என்றாள்.
அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை.
'மற்றவை'யில் போட்டேன்.
அன்றைக்குப் பெட்டி அறுபது ரூபாய். ஓரமாகக் கிடந்த தக்காளியை
மாடுகூட முகர்ந்துவிட்டுப் போயிற்று.

பதினைந்தாவது கேள்விக்கு முன்னால் அவள் கேட்டாள்:
'தெலுங்குல மனு எழுத வருமா?
எங்க பொண்ணுக்கும் ஹாஸ்டலுக்கு சர்டிபிகேட் தரமாட்றான்.
எங்க வூட்டுக்காரர் பேர்ல ஒரு எழுத்து இடிக்குதாம்.'

கேள்வித்தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.
'நான்' என்று தொடங்கினேன்.
நான், இன்னாரின் மகள், இன்ன கதவு எண்,
இன்ன சாதி, இன்ன தேதியில் பிறந்தவள்.
பேனா எங்குமே நிற்கவில்லை.
பக்கத்துக் கடைக்காரர் ஒன்று கேட்டார்.
பிறகு வெங்காய லாரிக்காரர்.
இருட்டுவதற்குள் பதினோரு 'நான்' எழுதிவிட்டேன்.
கடைசி பஸ்ஸில் திரும்பும்போதுதான் கவனித்தேன்,
எழுதிய படிவங்கள் அவர்களிடமே போய்விட்டன.
அன்றைய தரவு பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை துறையில் யாருமில்லை.
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
அந்தக் காலிப் பக்கத்தில் ஒரே வரி எழுதினேன்:
ஆய்வாளரின் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது.
வரியை மேடம் அடிக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் மட்டும்: 'ஆதாரம்?'
சிரித்துக்கொண்டே எழுதினாரா, தெரியவில்லை.

அடிக்குறிப்பு ஒன்று போட்டேன்.
ரசீது எண், தேதி.
முத்திரை தெளிவாக இல்லை.