வலமிருந்து இடம்

செவ்வாய்ப்பேட்டை பழைய பேப்பர் கடையில்
கிலோ பதினெட்டு ரூபாய்க்கு எடுத்தேன்
அந்த ஜப்பான் சூதாட்டப் படக்கதையை, ஐந்து பாகம்.
எந்தப் பக்கம் தொடங்கணும் என்று சொல்லும் தாள்
கிழிந்து யாருக்கோ பொட்டலமாகியிருந்தது.
மூன்று பாகம் வரை
இடமிருந்தே படித்தேன்.

அப்படிப் படித்தால்
அவன் முதலில் அழுகிறான்.
பிறகு தோற்கிறான்.
அதற்கப்புறம்தான் சீட்டை எடுக்கிறான்.
கடைசியில் கதவைத் தட்டி
சிரித்தபடி உள்ளே வருகிறான்.

எனக்கு அதில் ஒரு பிசகும் தெரியவில்லை.
கொலுசுப் பட்டறையில்
என் பக்கத்தில் பற்றுவைக்கும் தீர்த்தகிரியும்
அந்த வரிசையில்தான் வாழ்ந்தான்.
சம்பளம் வரும் முன்பே தோற்றிருப்பான்,
வந்தபின் போய் ஆடுவான்.

ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் இருக்க
முதலாளி வீட்டுவேலைக்கு நிறுத்துக் கொடுத்த
அறுநூறு கிராம் வெள்ளியை மடியில் கட்டிக்கொண்டு
ஏற்காட்டுக்கு வண்டிய எடு என்றான்.
நான் எடுத்தேன்.
ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.
நாலாம் பாகத்தில் இருந்தேன் அப்போது.

காப்பிக்கொட்டை காயும் களத்தை ஒட்டி ஒரு குடோன்.
ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர்,
சங்ககிரி லாரிக்காரர்கள் இரண்டு பேர்,
கடைசிவரை ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருந்த
பேர் தெரியாத ஒருவர்.
உள்ளே வெளியே.
அவ்வளவுதான் ஆட்டம்.

புத்தகத்தில்
ஒரு சீட்டைத் திருப்பப் பதினேழு பக்கம்.
நெற்றியில் கிளம்பிய வேர்வை
மோவாய்க்கு வர ஒரு அத்தியாயம்.
இங்கே குளிருக்கு யாருக்கும் வேர்க்கவில்லை.
ஒரு தும்மல் நேரத்தில் விழுந்தது சீட்டு.
லாரிக்காரர் முறுக்குக் கடித்தார்.
வெள்ளி வெளியே போனது.

எழுந்துவிடுவான் என்று நினைத்தேன்.
இடுப்பிலிருந்த அரைஞாணை அறுத்து வைத்தான்.

மூன்றரைக்கு வெள்ளி உள்ளே வந்தது,
அரைஞாணும், கூடவே பதினோராயிரமும்.
பொட்டலத்தை வாங்கி
சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.
ஆரஞ்சுக்காரர் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

இறங்கினோம்.
பனியில் மஞ்சள் பலகைகள்
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
பதினான்காம் வளைவில் தோளைத் தட்டினான்.
"திருப்பு."
வண்டியை நிறுத்தினேன்.
சில்வர் ஓக்கிலிருந்து சொட்டும் சத்தம்.
"ஒரே ஒரு ஆட்டம், பங்காளி.
இன்னைக்குக் கை ஓடுது."

அதுவரை எதற்கும் பந்தயம் கட்டாதவன் நான்
அப்போது கட்டினேன்:
அடுத்த வண்டி கீழிருந்து வந்தால் வீட்டுக்கு.
மேலிருந்து வந்தால் மேலே.

பேப்பர் வேன் நாலு மணிக்கு அடிவாரம் தாண்டும்,
எனக்குத் தெரியும்.
தெரிந்ததில் மட்டும் பணம் வை என்று
அந்தக் கதைக்காரன் ஓரிடத்தில் சொல்வான்.

விளக்கு
மேலிருந்து வந்தது.
ஒரு ஜீப். பால் கேன்கள் குலுங்க
எங்களைக் கண்டுகொள்ளாமல் திரும்பிப் போனது.

தீர்த்தகிரி சிரித்தான்.
நான் வண்டியைத் திருப்பவில்லை.
"சாவியை நான் பந்தயத்துல வைக்கல" என்றேன்.
"நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்றவன்
இறங்கி, பதினைந்தை நோக்கி நடந்தான்.
சட்டைப்பையில் பதினோராயிரம்,
இடுப்பில் முடிச்சுப்போட்ட அரைஞாண்.
ஒன்பதாம் வளைவில் பேப்பர் வேன் எதிரே வந்தது.

காலையில் முதலாளி தராசில்
அறுநூறும் சரியாக நின்றது.
அவன் வரலையா என்றார்.
வரலை.

ஐந்தாம் பாகத்தை இன்னும் தொடவில்லை.
நாலாம் பாகத்தையே
தப்பான பக்கத்திலிருந்து புரட்டுகிறேன்.
அப்படிப் புரட்டினால்
பனிக்குள் போனவன்
பின்னங்காலாலேயே இறங்கி வருகிறான்,
வண்டியில் ஏறுகிறான்,
என் தோளைத் தட்டின கையை
எடுத்துக்கொள்கிறான்.