ஐந்தாம் இலக்கம்

கட்டாரிலிருந்து தம்பி அனுப்பின கழுத்துப்பட்டி.
ரிமோட்டில் ஒன்று முதல் பத்து வரை.
மூன்றில் வைத்து
என் மணிக்கட்டில் அழுத்திப் பார்த்தேன்.
பல்லுக்குள் எறும்பு ஓடியது.

கறுவலுக்கு ஐந்து.
செல்வமலரின் கோழியைத் துரத்தினால் ஐந்து,
மீன்காரரைக் குரைத்தால் ஐந்து.
பத்தே நாள்.
"உங்கட நாய் இப்ப
பள்ளிக்கூடப் பிள்ளைகா" என்றாள் வேலிக்கு மேலால்.

நேற்றிரவு திக்கோடைக்குள் யானை.
வாழை முறிகிற சத்தத்துக்குத்தான் எழும்பினேன்.
கறுவல் விழித்தே கிடந்தது,
வாயைத் திறந்து, மூடி,
என் கையைப் பார்த்தபடி.

கையில் இருந்தது டோர்ச்.

குரையன் என்றேன்.
குரையன்டா.
வாலை இடுக்கிக்கொண்டு
கட்டிலுக்குக் கீழே போனது.

வளவின் நடுவில் நின்று
நான்தான் குரைத்தேன்,
தொண்டை கிழிய,
அடுத்த வீட்டு விளக்கு எரியும் வரை.