மூன்றாவது மேன்ஹோல்

மஞ்சக்குப்பத்தில்
மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ்.
மழைநீர் வடிகால் வரைபடம்,
வார்டுக்கு ஒன்பது தாள்.

டி, ஆர், என் என்று மூன்றெழுத்து தட்டினால்
தெருவை ஒட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி
முப்பது மீட்டருக்கு ஒரு மேன்ஹோல்
தானாக வரிசையாய் விழும்.
ஒரு ராத்திரி முழுக்க
அடைப்புக்குறிகளை எண்ணி எண்ணி
நான் எழுதிய கட்டளை.

என் கம்ப்யூட்டரில் பிசகாது.
கலிவரதன் சார் கம்ப்யூட்டரில்
முதல் இரண்டும் ஒழுங்காய் விழும்,
மூன்றாவது
யார் வீட்டு மதில் மூலையிலோ போய்
ஒட்டிக்கொள்ளும்.
அதுவும் எப்போதும் இல்லை.
காலையில் சரியாக வரும்,
டீ வந்த பிறகு வராது.
நான் எழுந்து போய்ப் பார்த்தால்
இன்ஸ்பெக்‌ஷன் நாள் பள்ளிக்கூடம் மாதிரி
அப்படி ஒரு அடக்கம்.

வெர்ஷன் என்றேன்.
மவுஸ் என்றேன்.
கடலூர் கரண்ட் என்றேன்.
வியாழக்கிழமை, கொஞ்சம் சத்தமாகவே,
"உங்க கைதான் சார்" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை
திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.
தட்டுவதற்கு முன்
மவுஸ் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டுகிறார்.
தெரு சுருங்கி வார்டாகிறது,
வார்டு சுருங்கிக்
கெடிலம் ஒரு நூலாகிறது.
"பெரிய தெருன்னா
முழுசாப் பாத்துட்டுப் போட்டாத்தாம்மா
மனசு கேக்குது."
சின்னத் தெருக்களைக் காலையிலேயே முடித்துவிடுகிறார்.
நானோ
செங்கல்லில் மூக்கை வைத்து வரைகிறவள்.

அங்கே இருந்தது.
ஸ்னாப்.
கோட்டு முனையைக் கண்டால்
பிடித்திழுக்கும் காந்தம்.
என் கட்டளை எண்ணைச் சரியாகத்தான் சொல்கிறது,
ஆனால் அவ்வளவு உயரத்தில்
குழிக்கும் மதிலுக்கும் நடுவே
திரையில் ஒரு மயிரிழை இடம் இல்லை.
சொன்ன இடத்தை விட்டுப்
பக்கத்து மூலையை வாரிக்கொள்கிறது.

முதல் வரியில் ஸ்னாப்பை அணைத்தேன்,
கடைசி வரியில் ஏற்றி வைத்தேன்.
அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம்கூடக் கிடைத்தது.

திங்கட்கிழமை,
"ஸ்னாப்பே காணோம்மா" என்கிறார்.
போன் வந்திருக்கிறது,
பாதியில் எஸ்கேப் அடித்திருக்கிறார்.
பாதியில் எழுந்தவருக்குக் கடைசி வரி ஏது?
அணைத்தது
அணைந்தபடியே கிடக்கிறது.

முடிக்கிறவர்களுக்கு மட்டும்தான்
இதுநாள்வரை எழுதியிருக்கிறேன்.
கீழே இன்னொரு பத்தி சேர்த்தேன்:
யார் எங்கே விட்டுப் போனாலும்
எடுத்ததை எடுத்தபடி திருப்பி வை.

போன செவ்வாய் அனுப்பிய ஏழாம் தாளில்
வண்டிப்பாளையத்தில் ஒரு மேன்ஹோல்
யாருடைய சமையலறை மூலையிலோ உட்கார்ந்திருந்தது.
மாநகராட்சிக்குப் போன் போட்டேன்.
"கையெழுத்து ஆயிடுச்சேம்மா."
"சிமெண்ட் ஆகலையே சார்."

அரைப்புள்ளிக்குப் பின்னால்
என்ன எழுதினாலும்
கம்ப்யூட்டர் படிக்காது.
அங்கே, எல்லா வரிக்கும் மேலே,
தேதி போட்டு எழுதியிருக்கிறேன்:
கலிவரதன் சார் கையில் தப்பில்லை.
அவர் மெஷினிலும் ஏற்றியாகிவிட்டது.
அந்த ஃபைலை அவர் திறக்கப் போவதில்லை,
தெரியும்.
வாயால் சொல்லத்தான் வேண்டும்.
டீ வரட்டும்.