இந்நான்கு எல்லைக்குட்பட்ட

பகல் முழுக்க எல்லை எழுதுகிறேன்.
கிழக்கே செல்லப்பணிக்கன் விளை,
மேற்கே நடைபாதை,
வடக்கே ஓடை,
தெற்கே இன்னும் தீராத வழக்கு.
ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே என் மேசைக்கு
மூன்றே கால். நாலாவது, செங்கல்.

தம்பி வின்சிலாஸ் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது
பெட்டியில் இரண்டு புட்டி வெள்ளை ரம்.
ஒன்றை வந்த வாரமே தீர்த்தான்.
தினமும் வேறு வேறு வாங்கித் தீர்த்தான்.
மாதக் கடைசியில் குளிமுறியில் விழுந்து
புருவத்தில் ஆறு தையலோடு வந்து
மற்றப் புட்டியை என் கையில் தந்தான்:
"தென்னை மூட்டுல ஊத்து அக்கா."

ஊற்றத்தான் போனேன்.
தென்னை என்ன பாவம் செய்தது?

அன்றைக்குப் பார்த்து
ஓடைக்கு அந்தப் பக்கம், பாறசாலைக்காரி லளிதாம்பிகை
ஒரு கைதச்சக்கை கொண்டுவந்திருந்தாள்.
ரப்பர்த் தைகளுக்கு நடுவே விளைந்தது.
அங்கே கிலோ இருபத்தெட்டு,
பலகைப் பாலம் தாண்டினால் நாற்பது.
புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"தோலைச் செத்து, கண்ணைத் தோண்டு,
நடுத்தண்டைக் களையாதே.
கஷணம் முங்கிக் கிடக்கணும், கேட்டியா,
மிதந்தால் பூத்துப் போகும்.
சீனி அடியில் தங்கும்,
தினம் ஒருதரம் சாய்ச்சு உருட்டு.
நாற்பது நாள்."

டாக்டரும் அவனுக்கு அதே கணக்குத்தான் சொல்லியிருந்தார்:
முதல் நாற்பது நாள்
தாண்டினால் பார்க்கலாம்.

கண்ணாடிப் பரணி. நாலு கிராம்பு.
துண்டுகளின் மேல் ஒரு சாஸர் கவிழ்த்து அமுக்கினேன்.
வாயில் துணி, நூல், முடிச்சு,
முடிச்சின்மேல் ஆபீஸ் அரக்கு.
ஆறுமுன் இடது பெருவிரலை வைத்தேன்,
கைநாட்டு வைக்கிறவர்கள் போல.
சுட்டது.
அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன்.

மூன்று நாள் உருட்டினேன்.
பிறகு வழிகாட்டி மதிப்பு ஏறப்போகிறது என்று பேச்சு,
ஊரே நிலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து
என் மேசையில் போட்டது.
இரவு பதினொன்று வரை எல்லை, எல்லை.
பரணி ஞாபகம் வந்தது பதிமூன்றாம் நாள்.

அடியில் ஆற்றுமணல் போலச் சீனி கிடக்கும் என்று
டார்ச் அடித்தேன்.
ஒரு பருக்கை இல்லை.
பழத்தின் மஞ்சள் பாதி வெளியே வந்திருந்தது.
பழம் எங்கே முடிகிறது, ரம் எங்கே தொடங்குகிறது:
இதற்கு நான்கெல்லை எழுது என்றால்
எழுத்துக்கூலியைத் திருப்பித் தந்துவிடுவேன்.

அடுக்களையில்
மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தவன்
தலை நிமிரவில்லை.
"நான்தான் உருட்டினேன். திறக்கல்ல.
அரக்கைப் பாத்துக்கோ."

பார்த்தேன். என் ரேகை, கோடு கலையாமல்.

"எப்ப?"
"ரெண்டரை மணிக்கு. அப்பத்தான் கை நடுங்கும்.
பாரமா எதையாவது பிடிச்சா கொள்ளாம்.
நடுங்குத கை சும்மா எதுக்கு நடுங்கணும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
டிரம்முக்குப் பின்னாலிருந்து பரணியை எடுத்து
மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான்.
அன்றிரவு ரெண்டரைக்கு
கண்ணாடியில் சாஸர் தட்டும் சத்தம்.
போர்வைக்குள் கிடந்து கேட்டேன்.

நாற்பதாம் நாள் மல்துணியில் வடித்தேன்.
வெயில் வெட்டிய நிறம்.
லளிதாம்பிகைக்கென்று ஒரு புட்டி நிறைத்து
யார் கொண்டுபோவது என்று நான் கேட்குமுன்
அவனே பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தான்.
ஒற்றைப் பலகை.
போய்வர ஏழு நிமிடம்.
ஜன்னலில் நின்று பதினைந்து எண்ணினேன்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"உடைச்சு, எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தினா.
வேண்டாம்னு சொல்ல ஒரு செக்கண்டு.
ஏன் வேண்டாம்னு சொல்லி முடிக்கத்தான்
மலையாளம் போதல்ல."

வடிகட்டியில் மிச்சம் கிடந்தன
வெளுத்த துண்டுகள்.
குடித்ததெல்லாம் அவைதான்.
இருட்டுமுன் கொண்டுபோய்
தென்னை மூட்டில் கொட்டினேன்.
சொன்னபடி.