மூடி விழுந்த சத்தம்

நாலு பத்துக்கு நெஞ்சு எழுப்பிவிடும்.
அலாம் வைத்தது அஞ்சரைக்கு.
நடுவில் கிடக்கிற எண்பது நிமிசமும்
கண்ணை மூடிக்கொண்டு
வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெல்லாவெளியில்
எங்கள் விடியலுக்கு ஒரு பாசை இருந்தது.
வாளி மெல்லக் கிணற்றில் இறங்கினால்
அன்றைக்குப் பள்ளிக்கூடம்.
தொம்மென்று விழுந்தால்
அகப்பைக் காம்பு.
அம்மாவின் செருமலில் மூன்று வகை.
மூன்றாவது கேட்டால்
தம்பியின் வாயைப் பொத்திவிட வேண்டும்,
எழும்பும்போதே அழுகிற பிள்ளை அவன்.

எட்டு வயதில் நான் அந்தப் பாசையில் பண்டிதை.

இப்போது களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன்.
பைப்பில் தண்ணீர் வருகிறது,
வளவில் கிணறே இல்லை.
பக்கத்தில் சுதாகரன் குறட்டை விடுகிறார்,
அதில் ஒரே வகைதான்.
இதையெல்லாம் உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?

மட்டக்களப்பு ஆசுபத்திரியில்
அந்தச் சின்ன டொக்டர் சொன்னா,
மூச்சை இழுத்து நாலுவரைக்கும் எண்ணுங்கோ என்று.
ஃபார்மசியில் வேலை எனக்கு,
எண்ணுவதில் பிழை விடமாட்டேன்.
கணக்குச் சரியாக வந்தது,
மூச்சுத்தான் வரவில்லை.

அம்மா கோல் எடுத்தால்
"சாப்பிட்டயா மகள்" என்கிறா.
சீனி வருத்தத்தில் மெலிந்துபோன குரல்.
அதற்குள்ளும்
மூன்றாவது செருமலைத் தேடுகிறேன்.
கிடைக்காததற்கும் கோபம் வருகிறது.

போன வியாழன், நல்ல மழை,
அஞ்சு மணி இருக்கும்.
குசினியில் பெரிய சத்தம்.
இடியப்பச் சட்டியின் மூடி
சீமெந்து நிலத்தில் சுழன்று சுழன்று
நிற்க மாட்டேன் என்றது.
ஓடினேன். ஓடும்போதே
கைகள் என்னைக் கேளாமல்
தலையை மூடியிருந்தன.

கதிரைக்கு மேலே யதுர்ஷா.
ஆறு வயது. சீனிப் போத்தலைத்
திறந்துவிட்டிருந்தாள்.
குனிந்து மூடியைப் பார்த்தாள்.
"மூடி விழுந்திட்டு" என்றாள்.
விரலை விட்டுச் சீனியை நக்கினாள்.

என் முகத்தை அவள் பார்க்கவில்லை.
பார்க்க வேண்டும் என்று
அவளுக்குத் தெரியவே இல்லை.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு
நெடுநேரம் நின்றேன்.
பேசவேண்டிய பேச்சைக்கூடப் பேசவில்லை,
அவ்வளவு சீனி தின்றுவிட்டாள்.

அடுத்த நாளும் நாலு பத்துதான்.
எங்கேயோ தகரப் படலை ஒன்று
காற்றில் அடித்தது.
உள்ளே அவள் எழும்பிக் குந்திவிட்டாள்,
எட்டு வயதுக்காரி, காதைத் தீட்டிக்கொண்டு.
படு என்று அதட்டவில்லை.
மூடி விழுந்திட்டு, என்றேன்.
அவள் நம்பவில்லை.
திரும்பவும் சொன்னேன்.

நாலரை ஆகியிருக்கும்,
அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.
அலாம் அடித்துத்தான் எழும்பினேன்.