கிடைத்த விதம்

ஜம்பட்டா தெருவில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கோரம் ஐந்து பேர். ஆறு பேர் வந்திருந்தோம்.
ஒருவர் மின்விசிறிக்கு நேர் கீழே தூங்கிக்கொண்டிருந்தார்,
ஆனாலும் வந்தவர்தான்.

சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்தேன்:
மூன்று டிராம் டிக்கட், ஒரு கூப்பன் புத்தகம்,
பாஸ்கு நாடகத்தில் யூதாசாக நடித்தவரின் தாடி
(பாதியைப் பூச்சி தின்றிருந்தது).
சரி என்றார்கள்.

அலுமாரிக்குள் ஈரம்.
சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சின்ன வெள்ளைப் பொட்டலங்களைச்
சேர்த்துத் தரும்படி பொருளாளர் ரொட்றிகோபுள்ளே
இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டார்.
துறைமுகம் பக்கத்தில்.
உப்புக்காற்று எங்கள் சங்கத்துக்குச்
சந்தா கட்டாமலே வந்துபோகும்.

அப்போதுதான் அந்தப் பெண் படியேறி வந்தாள்.
நிலந்தி என்று பெயர், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு.
நாங்கள் பேசுகிற அதே கொட்டாஞ்சேனைத் தமிழ்.
அரிசிப் பையை மேசையில் வைத்த சத்தத்துக்கு
தூங்கியவர் விழித்து, "ஆமோதிக்கிறேன்" என்றார்.

பித்தளைப் படிக்கற்கள்.
நாலு இறாத்தல், இரண்டு, ஒன்று, அரை.
"கால் இறாத்தல் கிணத்துக்குள்ள. தம்பி போட்டவன்."

ஜும்ரான் பூதக்கண்ணாடியை எடுத்தார்.
அடியில், வருடா வருடம் இன்ஸ்பெக்டர் குத்திய முத்திரைகள்.
ஏழு எண்ணினார். எட்டாவது பாதிதான் விழுந்திருந்தது.
முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.
"அப்பா கடை வைத்திருந்தாரா, மகள்?"

"இல்லை. ஹார்பரில வேலை."

பதிவேட்டைத் திறந்தேன். நாலு நிரல்:
பொருள், கொடுத்தவர், காலம், கிடைத்த விதம்.
நாலாவதில் முதல் வரியில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தேன்,
அதற்குக் கீழே பதினொரு வருடமாக
மேற்படி, மேற்படி, மேற்படி.

"எண்பத்துமூண்டு ஜூலை. எனக்கு எட்டு வயசு.
அப்பா சாரத்து மடியில கட்டிக்கொண்டு வந்தவர்.
கல்லில எரிஞ்ச மணம்.
அம்மா சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தா.
பிறகு, கதவு அடிக்காம இருக்க அண்டை வைச்சம்.
கொடுத்தவர் எண்டு என்ட பேரை எழுதவேண்டாம்.
எங்கட சாமான் இல்லை, குடுக்கிறதுக்கு."

கீழே யாரோ ஒன்றரைக் கிலோ ஆணி நிறுத்து வாங்கினார்கள்.
தட்டில் ஆணி விழுவது கேட்டது.

"அப்படியென்றால் நாங்கள் வைத்திருக்க முடியாது,"
என்றார் ரொட்றிகோபுள்ளே. "உடையவர்களிடம் போகவேண்டும்."
யாரிடம்? ஜும்ரான் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முத்திரை ஆண்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

எல்லாரும் திலகேஸ்வரியைப் பார்க்காமல் இருந்தோம்.
அதுவே பார்த்தது போலத்தான்.
அவள் அரை இறாத்தலை உள்ளங்கையில் எடுத்தாள்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.
"எங்கட கடையில இருந்தது இரும்பு," என்றாள்.
மேசையில் திரும்ப வைத்தபோது சத்தம் வரவில்லை.

'எடுத்துவரப்பட்டது' என்று எழுதலாமே என்றார் ஒருவர்.
'களவு' என்றார் தூங்கியவர்.
"எழுதுங்கோ," என்றாள் நிலந்தி.
என் பேனை மை விட மறுத்தது. வேறு பேனை கேட்டேன்.

நான் எழுதியது இது:
*எரிக்கப்பட்ட ஒரு கடையிலிருந்து எடுக்கப்பட்டவை.
எடுத்தவரின் மகள் கொண்டுவந்தார்.
கால் இறாத்தல் கிணற்றில்.*
நிரல் ஒடுக்கம், எழுத்து கோட்டைத் தாண்டிப்
பக்கத்தின் ஓரம்வரை போனது.
'கொடுத்தவர்' வெறுமையாக இருக்கிறது.
அடுத்து எது வந்தாலும்
மேற்படி என்று இனிப் போடமுடியாது.

பற்றுச்சீட்டில் 'நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்று
முன்பே அச்சடித்திருக்கிறது.
ரொட்றிகோபுள்ளே 'நன்றியுடன்' என்பதை வெட்டினார்.
அவள் படியிறங்கும் முன் திரும்ப வாங்கி,
வெட்டியதற்கு மேலே
கையால் அதையே எழுதிக் கொடுத்தார்.

பிறகு நிகழ்ச்சிநிரலின் ஐந்தாவது விடயம்,
பிளேன்டீச் செலவு.
மின்விசிறிக்குக் கடுதாசிகள் எழும்ப,
யாரோ பழக்கதோஷத்தில்
ஒரு இறாத்தலை எடுத்து அவற்றின்மேல் வைத்தார்கள்.
திலகேஸ்வரி எழுந்துவந்து அதை எடுத்து,
மற்ற மூன்றோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

கடுதாசிகள் பறந்தன.
குனிந்து பொறுக்கினோம்.