சப்பாத்து அளவு பத்து

எங்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
ஆ கியோங் கடையில் கடனுக்கு எடுத்த
சப்பாத்துகளின் அளவைச் சொல்லித்தான்.
"எட்டரை, ஏறிப் போ!" என்றால் ருபேந்திரன் ஓடுவான்.
"ஏழு, திரும்பு!" என்றால் ஹஃபிஸ்.
நான் பத்து.
பத்து என்றதும் நட்சத்திர ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள்.
முதுகில் இருபத்திரண்டு,
இரண்டாவது கோல் காவலன்,
பருவம் முழுக்க பெஞ்சுக்குத்தான் காவல்.

பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்,
கூம்புகளை அடுக்கிக்கொண்டே:
"நவம்பரோட என் ஒப்பந்தம் முடியுது.
ஜொகூர்ல கிடங்கு வேலை.
சரி, ரெண்டு ரவுண்டு."
யாரும் எதுவும் கேட்கவில்லை.
இரண்டு ரவுண்டு ஓடினோம்.
மூன்றாவதும் ஓடினோம்,
எங்கே நிற்பதென்று தெரியாமல்.

பகாவில் நாலு மணி மழை
ஷிஃப்டுக்கு வருகிற மாதிரி வரும்.
ஆலையில் செம்பனைக் குலை வேகும் வாடை
திடலின் குறுக்கே படுத்துக்கொள்ளும்.
கால்வாயில் விழுந்த பந்து
எண்ணெய் பூசிக்கொண்டு திரும்பும்.
அதைப் பிடித்துப் பழகியவன் கையில்
எந்தப் பந்தும் வழுக்காது என்பார் சூசைநாதன்.
எனக்கு வழுக்கியது.

முதல் ஆட்டம் தோல்வி. அடுத்தது சமன்.
மூன்றாவதில் ஜெயித்தோம்,
எதிரணியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு.
அதற்கப்புறம் தோற்கவே இல்லை.
ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
குளுவாங்கில் ஜெயித்த இரவு
பஸ்ஸில் ஒருவரும் பாடவில்லை.
முன் இருக்கையில் அவர்
மிச்சமிருக்கும் ஆட்டங்களை
உள்ளங்கையில் பேனாவால் எழுதி
ஒன்றை அடித்தார்.

இறுதியாட்டம் சனிக்கிழமை.
வெள்ளியன்றே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.
ஆகவே லோரியில் வந்து இறங்கினார்.
பின்னால் மெத்தை, குளிர்பெட்டி,
கால்கள் மேலே பார்க்க ஒரு மேசை,
கூண்டுக்குள் கோபமாய் ஒரு புறா.

எண்பத்தோராம் நிமிடம் யுகேஸின் விரல் பிசகியது.
"பத்து!" என்றார்.
ஒன்பது நிமிடம், கூடுதலாக நான்கு.
ஒரு பந்தும் என் பக்கம் வரவில்லை.
ருபேந்திரன் தலையால் போட்ட ஒரே கோல் போதுமாயிருந்தது.
கையுறையில் மண் படாமல்
நானும் சாம்பியன்.

கோப்பையில் தேநீரும் ஐஸும் ஊற்றிக் குடித்தோம்.
பரிசுப் பணம் ஆ கியோங்கின் கணக்குக்குச் சரியாகப் போக
எட்டு வெள்ளி மிச்சம் வரும் என்றான் ஹஃபிஸ்.
யாரோ அவரைப் பேசச் சொன்னார்கள்.
அவர் லோரியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.
அது இருமியது. மறுபடி திருப்பினார்.
காலையிலிருந்து விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறார்.

பதினாறு பேர் தள்ளினோம்.
பதக்கங்கள் தகரத்தில் மோதி டிங் டிங் என்றன.
செம்மண்ணில் ஆணிச் சப்பாத்துகள் வழுக்கின.
டேனியல் லாய் மட்டும்
பின்னுக்கு இழுத்தானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

செம்பனை வரிசை தொடங்கும் இடத்தில்
எஞ்சின் பிடித்தது.
கரும்புகை முகத்தில் அடிக்க
ஒவ்வொருவனாக விட்டுவிட்டான்.
ஜன்னலில் தலை மட்டும் வெளியே வந்தது:

"டேய் பத்து! கையை எடு!"